ஞானசவுந்தரி: திரையும் மேடையும்

திரைப்படமாகப் புகழ்பெற்ற தேவதைக் கதைகளை இசை நாடகமாக மேடையேற்றுவது இன்று மேனாடுகளில் பெருவழக்காகியுள்ளது. டிஸ்னி நிறுவனம் 1991 இல் வெளியிட்ட 'அழகியும் அரக்கனும்' என்னும் சித்திரப்படம் 1994 இல் நியூயோர்க்கின் பிறோட்வே அரங்குக்கு வந்தது. அதன் வெற்றி பல படங்களை மேடைக்கு அழைத்து வந்தது. இவ்வழக்கினைப் புதுமை எனக் கருதுவோர் பலர். ஆயின், ஒரே தேவதைக் கதை மேடையிலும் திரையிலும் வெவ்வேறு உருக்கொண்டு வாழ்ந்த வரலாறு தமிழர்க்கும் உண்டு. அதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு மன்னார்ப் பிரதேசத்தில் வழங்கிய ஞானசவுந்தரி கதையாகும். அக்கதையின் கூத்துருவத்தையும் திரையுருவத்தையும் ஒப்பிட்டு நோக்கி, படத்தை மேடைக்குக் கொண்டுவர விழைவோர் எதனைப் பேணல் வேண்டும், எதனைக் கைவிடல் வேண்டும் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலிற் கதையை நோக்குவோம். அரசன் மகளான ஞானசவுந்தரி மாற்றாந்தாயின் பகைமைக்கு ஆளாகிறாள். அவளைக் கொல்லுமாறு ஏவப்பட்டோர் உயிரைப் பறியாது, கைகளைத் துண்டித்துக் காட்டில் விட்டுச் செல்கின்றனர். பிலேந்திரன் என்னும் இளவரசன் அவளைக் கண்டு மணக்கிறான். அவன் போர்மேற் சென்றிருக்கையில் பொய்ம்மடல் ஒன்றினால் அவள் மீண்டும் காட்டுக்குத் துரத்தப்படுகிறாள். அங்கே தேவமாதாவின் அருளால் இழந்த கைகளைப் பெறுகிறாள். இறுதியிற் கணவனுடன் சேர்கிறாள்.

இது தமிழகத்தில் மட்டும் பிறந்த கதையன்று. நாட்டார் கதை வகைப்பாட்டில் 706 ஆம் எண் பெற்ற 'கையற்ற கன்னி' என்னும் கதைவகையைச் சார்ந்தது. பதின்மூன்றாம் நூற்றாண்டுப் பிரெஞ்சுக் காவியம் ஒன்றிலும், பதினேழாம் நூற்றாண்டில் இத்தாலியரான பசீலே தொகுத்த கதைகளிலும், யேர்மனியரான கிறிம் சகோதரர் தொகுத்த கதைகளுள் முப்பத்தோராவதிலும் இவளைக் காணலாம். நாடுதோறும் அவள் பெயர் மாறிற்று. வெட்டுண்ட கைகளும் மீண்டும் முளைத்த கைகளும் மாறவில்லை. கத்தோலிக்க மரபின் வழியே தமிழ் உடையணிந்த அவள், மன்னார்க் கரையிற் கூத்துத் தலைவியானாள்.

மன்னார்ப் பிரதேசம் இத்தகைய கதைகள் வேரூன்றுதற்கு ஏற்ற நிலமாய் இருந்தது. 1560 இல் மன்னார்த் தீவு போர்த்துக்கேயர் வசமாயிற்று. அதன்பின் கத்தோலிக்கச் சமயமும் தமிழ்க் கூத்து மரபும் ஒன்றோடொன்று கலந்தன. 'எண்டிறிக்கு எம்பறதோர்' என்ற நாடகத் தலைப்பிலே பேரரசனைக் குறிக்கும் போர்த்துக்கேயச் சொல் தமிழ்ச் செவிக்கேற்ப உருமாறி நிற்பதைக் காண்க. பேராசிரியர் சு. வித்தியானந்தன் அந்நாடகத்தை 1964 இலும், மூவிராசாக்கள் நாடகத்தை 1966 இலும், ஞானசவுந்தரி நாடகத்தை 1967 இலும் பதிப்பித்தார். அண்ணாவிமாரின் ஏட்டிலும் நினைவிலும் வாழ்ந்த பனுவல்கள் இவ்வாறு அச்சேறின. ஞானசவுந்தரியைப் பற்றி நாம் இன்று சான்றோடு பேசமுடிவது இப்பதிப்பு முயற்சியின் பயனேயாகும்.

திரைப்படமோ இப்பதிப்புக்கு முன்னரே வெளிவந்துவிட்டது. 1948 இல் சிற்றாடல் நிறுவனத்தார் எம். வி. ராஜம்மாவைத் தலைவியாகவும் ரி. ஆர். மகாலிங்கத்தைப் பிலேந்திரனாகவும் கொண்டு ஞானசவுந்தரியைப் படமாக்கினர். அதே ஆண்டில் ஜெமினி நிறுவனமும் இக்கதையைப் படமாக்கியது. எனினும் மக்கள் மனத்தில் நிலைத்தது சிற்றாடல் படமே. எஸ். வி. வெங்கட்ராமனின் இசை அதற்குப் பெருந்துணையாயிற்று. தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே 1914 முதல் 1964 ஆம் ஆண்டுப் புயல்வரை கப்பலும் புகைவண்டியும் இணைந்து ஓடிய காலம் அது. தமிழகத்தின் பாட்டும் பேச்சும் இலங்கையை அடையும் வாயில்களுள் ஒன்றாக மன்னார் விளங்கியது.

இனி இவ்விரு வடிவங்களும் கதையைக் கையாளும் முறையை மூன்று நிலைகளில் நோக்கலாம்.

முதலாவது, காலம். படத்திலே தேவமாதாவை நோக்கிய மன்றாட்டுப் பாடல் ஒன்றுண்டு. குழந்தை ஞானசவுந்தரி ஜிக்கியின் குரலிற் பாடத் தொடங்குகிறாள். பாடல் முடியுமுன் அவள் மங்கையாகி, பி. ஏ. பெரியநாயகியின் குரலிற் பாடுகிறாள். சில நிமிடங்களுள் பல ஆண்டுகள் கழிந்துவிடுகின்றன. திரைக்கலையின் ஆற்றலுக்கு இது நல்ல சான்று. இதனை மேடையில் அப்படியே செய்ய முனைந்து, விளக்கை அணைத்து ஒரு சிறுமியை அகற்றி வேறொரு பெண்ணை நிறுத்தினால், ஆள்மாற்றம் மட்டுமே அவையோர்க்குத் தெரியும், வளர்ச்சி புலப்படாது. கூத்து மரபோ வேறு வழியை அறியும். வரவுப்பாட்டொன்றில் பாத்திரம் தன்னைத் தானே அறிமுகம் செய்து, தான் யார், எந்நிலையில் வருகிறேன் என்று சொல்லிவிடுகிறது. அவையோரும் அதனை ஏற்றுக்கொள்கின்றனர். கண் செய்ய வேண்டிய வேலையைச் செவி செய்துவிடுகிறது.

இரண்டாவது, பாடலின் தொழில். படத்திற் பாடல் கதையோட்டத்தின் இடையே மலரும் ஓர் உணர்ச்சிக் கணம். கூத்திலோ பாடலே கதையோட்டம். பொய்ம்மடலைத் திரை ஒரு நொடியில் அண்மைக்காட்சியாகக் காட்டிவிடும். எழுத்தைப் படித்தவுடன் நமக்கு அதிர்ச்சி உண்டாகிறது. மேடையில் அம்மடல் பாடப்படுமாயின், ஒவ்வோரடியும் பிற்பாட்டுக்காரரால் மீட்டுப் பாடப்படும்போது, அப்பொய் அவை முழுவதும் பரவுகிறது. பொய்யென அறிந்த அவை, அதனை மெய்யென நம்புவோரைப் பார்த்துக்கொண்டு தவிக்கிறது. படத்தின் நாலைந்து இனிய பாடல்களை மட்டும் எடுத்து உரையாடலுக்கிடையே கோத்துவிட்டால் இசை நாடகம் ஆகிவிடும் என எண்ணுவோர் இவ்வேறுபாட்டை உணராதவராவர்.

பிறோட்வே அரங்கினரும் இதனை உணர்ந்தே செயற்பட்டனர். ஒன்றரை மணி நேரத்துக்குங் குறைவாக ஓடிய 'அழகியும் அரக்கனும்' மேடையில் இரண்டரை மணி அளவுக்கு விரிந்தது. பாடல் எழுதிய ஹவார்ட் அஷ்மன் 1991 இல் மறைந்தமையால், ரிம் றைஸ் புதிய பாடல்களை எழுத, அலன் மென்கன் இசையமைத்தார். படத்தில் அதிகம் பாடாத அரக்கனுக்கு மேடையில் தன் உள்ளத்தைத் திறந்து பாடும் தனிப்பாடல் கிடைத்தது. மேலும், படத்தில் ஏவலாளர் முன்னரே மெழுகுதிரித் தண்டாகவும் கடிகாரமாகவும் மாறிவிட்டவர்கள். மேடையில் மனித உடலை முற்றாக மறைத்தல் அரிது. ஆகவே அவர்கள் சிறிது சிறிதாகப் பொருள்களாகி வருகின்றனர் எனக் கதை திருத்தப்பட்டது. மேடையின் இயலாமையே கதைக்குப் புதியதோர் அவலத்தை ஈந்தது. நல்ல தழுவலுக்கு இலக்கணம் இதுவே.

மூன்றாவதும் தலையாயதும் அற்புதம். கைகள் மீளும் காட்சியைப் படப்பிடிப்புக் கருவி எளிதிற் சாதிக்கும். ஒரு படிமம் கரைய, மற்றொன்று தோன்றும். நாம் வியக்கிறோம், அவ்வியப்பில் ஒரு பகுதி கருவியைச் சார்ந்தது. மேடையில் நடிப்பவரின் கைகள் உடையினுள் மறைந்திருப்பதை அவையோர் தொடக்கம் முதலே அறிவர். அறிந்தும் அவளைக் கையற்றவளென ஏற்று அழுகின்றனர். எனவே அவள் கைகளை நீட்டும் கணத்தில் அவர்கள் அவ்வற்புதத்தின் சாட்சிகளாகவும் அதனை நிகழ்த்துவோராகவும் ஆகின்றனர். ஜூலி ரேமோர் 1997 இல் 'சிங்க அரசன்' படத்தை மேடையேற்றியபோது, விலங்கின் முகமூடியை நடிகரின் தலைக்கு மேலே நிறுத்தி மனித முகத்தையும் காணச்செய்தார். சூழ்ச்சியை மறையாது காட்டியதே அம்மேடையின் அழகாயிற்று. மர உருவங்களைக் கொண்டு கிறிஸ்துவின் பாடுகளைக் காட்டிய 'உடக்குப் பாஸ்' மரபினைக் கண்ட பேசாலை மக்களுக்கு இவ்வுண்மையை எவரும் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை.

இவ்வாறு கூறுவதனாற் கூத்து நிறைவானது, படம் குறையுடையது என்பது கருத்தன்று. கூத்துப் பனுவல்களில் அரசவை வருணனையும் போர்ச் சவாலும் அளவுக்கு மீறி நீள்வதுண்டு. மாற்றாந்தாய் காரணமற்ற கொடுமையின் உருவமாகவே நின்றுவிடுகிறாள். தலைவியோ துன்புறுவதன்றி வேறெதுவும் செய்யாள். படம் நிகழ்ச்சிகளைச் செறிவாக்கியது. முகபாவத்தினால் மனத்தைக் காட்டியது. இவை மேடை ஏற்றுக்கொள்ளத்தக்க பாடங்கள். சுருக்குதலும் மன்னார் மரபுக்கு அந்நியமன்று. நீண்ட நாடகத்தைச் சுருக்கி ஓரிரவில் ஆடத்தக்கதாக அமைத்ததே வாசாப்பு. பேராதனையில் வித்தியானந்தன் 1962 இல் 'கர்ணன் போர்', 1964 இல் 'இராவணேசன்' ஆகியவற்றை இன்றைய அரங்குக்கேற்பச் சுருக்கி அளித்ததும் இவ்வழிப்பட்டதே. அதற்குமுன் 1956 இல் சரச்சந்திர நாடகம மரபிலிருந்து 'மனமே'யைப் படைத்தபோது, சிங்கள அரங்கு புத்துயிர் பெற்றது. அந்நாடகம மரபின் வேர்களுள் ஒன்று நம் கத்தோலிக்கக் கூத்தே என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

எனவே எழும் வினா எதனைச் சுருக்குவது என்பதே. படத்தின் வழி நின்று சுருக்குவோர் பாடலை வெட்டி நிகழ்ச்சியைக் காப்பர். கூத்தின் வழி நிற்போர் நிகழ்ச்சியை வெட்டிப் பாடலைக் காக்கவேண்டும். போர்க்களம் இரண்டு விருத்தத்தில் அடங்கலாம். மடலும் மன்றாட்டும் அடங்கலாகா. தலைவியின் மௌனத்துக்கும் மாற்றாந்தாயின் அச்சத்துக்கும் புதிய தருக்கள் எழுதப்படலாம். ஆனால் அவை மாதோட்டப் பாங்கிலோ யாழ்ப்பாணப் பாங்கிலோ வேரூன்றியனவாய் அமைதல் வேண்டும். திரையிசையின் எதிரொலியாய் இருத்தலாகாது.

இது வெறுங் கலைநுட்ப விவாதமன்று. போருக்குப் பின்னர் நிலக்கண்ணிவெடி அகற்றும் பணி நெடுங்காலம் நடைபெற்ற மாவட்டங்களுள் மன்னாரும் ஒன்று. கையிழந்தோரும் காலிழந்தோரும் அவையில் அமர்ந்திருக்கக்கூடிய ஊரில் ஞானசவுந்தரியின் கைகள் மீள்கின்றன. ஒளிவித்தையாலும் புகையாலும் அக்காட்சியை நடத்துவது அவர்கள் முன்னே செய்யும் விளையாட்டாகிவிடும். திரையில் நேரும் அற்புதம் எல்லோர்க்கும் தொலைவில் நேர்கிறது. மேடையில் அது பக்கத்திலே நேர்கிறது. ஆகவே மேடை அதற்குரிய விலையைக் கொடுத்தே ஆகவேண்டும். அவ்விலை நேரமும் பாடலுமாகும். கையற்றவளாய் அவள் வாழ்ந்த காலத்தின் நீளத்தை அவை முழுமையாய் உணர்ந்த பின்னரே மீட்சி பொருளுடையதாகும். இரவு முழுவதும் ஆடிய நம் முன்னோர், அந்நீளத்தின் பயனை அறிந்திருந்தனர் என்றே கொள்ளவேண்டும்.

பல்கலைக்கழக அரங்குகளில் ஞானசவுந்தரியை மேடையேற்ற விழையும் மாணவர் படத்தைக் கண்டு களிக்கட்டும். அதன் செறிவையும் கற்கட்டும். ஆனால் ஒத்திகை தொடங்குமுன் 1967 ஆம் ஆண்டுப் பதிப்பைக் கையிலெடுத்து, மன்னாரில் அப்பாடல்களின் மெட்டறிந்த அண்ணாவியார் ஒருவரிடஞ் செல்லல் வேண்டும். சொல் அச்சில் இருக்கிறது. மெட்டு மனிதரிடமே இருக்கிறது. அம்மனிதர் முதுமையடைந்து வருகின்றனர். படம் அழியாது காத்திருக்கும். மெட்டு அவ்வாறு காத்திராது.