தூங்கானையின் முதுகுப்புறம்

ஞாயிற்றுக்கிழமை மாலை நாலரை மணிக்கு மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயிலில் கூட்டமெல்லாம் சரபேஸ்வரர் தூணருகில்தான் நிற்கும். ராகு கால வழிபாடு. தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் என்று எங்கிருந்தெல்லாமோ விளக்கும் பூவுமாக வந்திருப்பார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் கருவறைக்குப் பின்னால் ஈ காக்கை இருக்காது. வெயிலோ அப்போதுதான் மேற்கிலிருந்து சாய்ந்து விமானத்தின் முதுகில் விழத் தொடங்கியிருக்கும். எங்கள் பக்கத்தில் ஓய்வுநாளை எப்படிக் கழிப்பது என்று யார் கேட்டாலும் முதலில் இதைத்தான் சொல்வேன்: சரபரைக் கும்பிடுங்கள், கும்பிட்ட கையோடு பின்பக்கம் வாருங்கள்.

தென்சென்னைப் புறநகரில் பொழுதுபோக்குக்குப் பஞ்சமில்லை. பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் நுழைந்தால் செடி, புறா, பழைய ரேடியோ என்று அரைநாள் போய்விடும். குரோம்பேட்டை வெற்றி தியேட்டரில் முதல் நாள் முதல் காட்சிக்கு அடித்துப் பிடித்து டிக்கெட் வாங்குகிறவர்கள் எங்கள் தெருவிலேயே இருக்கிறார்கள். நன்மங்கலம் காப்புக்காட்டுக் கல்குவாரியில் கொம்பன் ஆந்தையைத் தேடி விடியற்காலையில் பைனாகுலரோடு கிளம்புகிறவர்களும் உண்டு. கிழக்குத் தாம்பரம் கிறிஸ்தவக் கல்லூரி வளாகம் தனி உலகம். ஜார்ஜ் டவுனில் நூறாண்டு இருந்த கல்லூரி 1937-ல் சேலையூர்க் காட்டுக்கு வந்தது; வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸ் ஆசை ஆசையாக மரம் நட்டு வளர்த்த நிழலில் இன்றைக்கும் புள்ளிமான் உலாவுகிறது. மாடம்பாக்கம் ஏரிக்கரையில் காலை ஆறு மணிக்கு நடந்தால் தண்ணீரில் நாமக்கோழியும் முக்குளிப்பானும். வாரநாளானால் தலைக்கு மேலே விமானப்படைத் தளத்துப் பயிற்சி விமானங்களின் இரைச்சலும் சேரும். எல்லாமே நல்லவைதான். ஆனால் தொண்டை மண்டலத்துக்காரன் என்று நெஞ்சை நிமிர்த்திக் காட்ட ஒன்று வேண்டுமென்றால், அது பின்புறம் யானை முதுகுபோல வளைந்த விமானத்தைக் கொண்ட தூங்கானை மாடம்தான்.

எத்தனை இடங்கள்! திருவொற்றியூர், திருமுல்லைவாயில், பாடி திருவலிதாயம், திருத்தணி வீரட்டானம். எங்கள் அக்கம்பக்கத்திலேயே திரிசூலம், சோமங்கலம், மணிமங்கலம். நடுநாட்டில் பெண்ணாகடம் சம்பந்தரும் அப்பரும் பாடிய தலம். அங்கே கோயிலின் பெயரே தூங்கானைமாடம். இருந்தாலும் இவ்வளவு நெருக்கமாக, ஒரு நாளில் சைக்கிளிலேயே மூன்று நான்கைப் பார்த்துவிடும்படி அமைந்தது எங்கள் பக்கத்தில்தான். திருவொற்றியூரில் ராஜேந்திர சோழன் காலத்தில் கற்றளி எழுப்பியவரின் பெயரைக்கூடக் கல்வெட்டு சொல்கிறது: வீரசோழத் தச்சன் என்ற ரவி. மன்னன் பெயரும் தேவியர் பெயரும் கிடைப்பது பெரிய விஷயமில்லை. தச்சன் பெயர் கிடைப்பது அபூர்வம். அந்த ஒரு பெயரைப் படிக்கும்போதெல்லாம் எனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

மாடம்பாக்கம் கோயிலைச் சுந்தர சோழர் காலத்தது என்பார்கள். முதல் குலோத்துங்கனின் (1070–1120) பெயரும் சேர்ந்து வரும். அருணகிரிநாதர் வந்து பாடியிருக்கிறார். கபில முனிவர் பசுவாகப் பிறந்து, மண்ணில் புதைந்திருந்த லிங்கத்தின் மேல் பால் சொரிந்த கதையை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். லிங்கம் மிகச் சிறியது. தீபம் காட்டும்போது கவனமாகப் பார்க்கவேண்டும். இவையெல்லாம் தலபுராணப் புத்தகத்திலேயே இருக்கின்றன. புத்தகத்தில் இல்லாத விஷயத்துக்கு வருகிறேன்.

தென்புறச் சுவரை ஒட்டி மெதுவாக நடங்கள். சதுர விமானமானால் ஒரு மூலை வரும், திரும்புவோம், இன்னொரு சுவர் தொடங்கும். இங்கே மூலை வருவதில்லை. சுவர் நம்மோடு சேர்ந்தே திரும்புகிறது. எந்த இடத்தில் திரும்பத் தொடங்கியது என்று பின்னால் போய்த் தேடினாலும் பிடிபடாது. மேலே கூரை விளிம்பான கொடுங்கையில் செதுக்கியுள்ள கூடுகளை அண்ணாந்து பாருங்கள். நேர்ச்சுவரில் உள்ளவை நமக்கு நேர்முகமாக நிற்கும். வளைவு தொடங்கியதும் ஒன்று முக்கால் முகம் காட்டும், அடுத்தது பாதி முகம், அதற்கும் அடுத்தது வெறும் விளிம்பு. நாம் இரண்டடி வைத்தால் விளிம்பாக இருந்தது முகமாகிறது, முகமாக இருந்தது ஒதுங்குகிறது. ஒரே நேரத்தில் ஒரே உருவத்தின் எல்லாப் பக்கங்களையும் பார்க்கக் கிடைப்பது வேறெந்த விமானத்தில்? அதுவும் நடக்கிற வேகத்துக்கு ஏற்றபடி. ஓடினால் ஒன்றும் தெரியாது. பிரதட்சிணம் செய்கிற நடைதான் இதற்குச் சரியான நடை. இந்த வடிவத்தை யோசித்தவர்கள் சுற்றி வருகிறவனின் கண்ணுக்காகவே யோசித்தார்கள் என்று நான் நம்புகிறேன்.

வெயிலும் அப்படித்தான். சதுரச் சுவரில் ஒரு பக்கம் வெயில், அடுத்த பக்கம் நிழல். நடுவில் ஒன்றும் கிடையாது. வளைந்த சுவரில் வெயில் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்து நிழலாகும். நாலரை மணிக்கு அந்தத் தேய்மானம் வடபுறம் இருக்கும். ஐந்தே முக்காலுக்கு முதுகு முழுக்க மஞ்சள் பூத்து அரைத்தூண்களின் விளிம்பெல்லாம் கூர்மையாகத் தெரியும். ராகு காலம் முடிகிற நேரமும் வெளிச்சம் உச்சத்துக்கு வருகிற நேரமும் ஒன்றாக அமைந்தது நம் அதிர்ஷ்டம்.

இதை எனக்குச் சொல்லிக்கொடுத்தது பெரியப்பா. கிண்டி தொழிற்பேட்டையில் லேத் ஓட்டியவர். சமய நூல் எதுவும் படித்தவரில்லை. விடுமுறையில் என்னைக் கூட்டிக்கொண்டு போனால் சன்னிதியில் இரண்டு நிமிடம், பின்பக்கம் அரைமணி. அடித்தளமான அதிட்டானத்தின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிடுவார். “இங்க பாருடா, கல்லுக்கும் கல்லுக்கும் நடுவுல நகம் போகுதா பாரு” என்பார். சில இடத்தில் போகும், சில இடத்தில் போகாது. போகாத இடம் வந்தால் அவர் முகத்தில் ஒரு பெருமை, தானே இழைத்துப் பொருத்தியது மாதிரி. “நேர்ச் சுவருக்கு எல்லாக் கல்லையும் ஒரே அளவா அடிச்சுப் போடலாம். இதுக்கு வெளிப்பக்கம் வளையணும், ரெண்டு கன்னமும் உள்ள பார்த்துச் சரியணும். ஒரு நூல் தப்பினா அடுத்த கல்லு உட்காராது.”

அவர் சொன்னதை நான் பிற்பாடுதான் முழுதாகப் புரிந்துகொண்டேன். ஒரு வரிசைக்கு ஒரு வளைவு என்றால்கூடப் பரவாயில்லை. அதிட்டானத்தின் வரிகளில் ஜகதி வெளியே தள்ளி நிற்கும், கண்டம் உள்ளே ஒடுங்கும், பட்டிகை மறுபடி வெளியே வரும். ஒவ்வொரு வரிக்கும் வட்டத்தின் அளவு மாறும். குமுதம் வந்தால் பாடு இன்னும் கூடுதல். உருட்டாக இருந்தாலும் பட்டை தீட்டியதாக இருந்தாலும் அது மேலிருந்து கீழாகவும் புடைத்து நிற்கவேண்டும், இடமிருந்து வலமாகவும் வளைந்து ஓடவேண்டும். ஒரே கல்லில் இரண்டு வளைவு. கொடுங்கையிலும் அதே கதை. அரைத்தூணின் முகமோ தட்டையாகத் தெரியவேண்டும், அது ஒட்டியிருக்கும் சுவரோ வளைகிறது. இந்த இரண்டும் சந்திக்கிற விளிம்பைச் சிற்பி எப்படிச் சமாளித்திருக்கிறார் என்பதைத்தான் நான் ஒவ்வொரு தடவையும் பார்க்கிறேன். சாமி சிலைகளைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். இந்த விளிம்பைப் பற்றி யார் எழுதுகிறார்கள்?

மாமல்லபுரத்து சகாதேவ ரதத்தைக் காட்டி, அதைவிடவா என்பார்கள் நண்பர்கள். பக்கத்திலேயே கல் யானை நிற்கிறது, யானை முதுகையும் விமான முதுகையும் ஒரே பார்வையில் ஒப்பிடலாம், ஏழாம் நூற்றாண்டு, உலகமே வந்து பார்க்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் அது ஒரே பாறையில் மேலிருந்து கீழாகச் செதுக்கி இறக்கியது. கல்லோடு கல் சேர்க்கும் பிரச்சினையே அங்கே எழவில்லை. தூங்கானை மாடத்தின் கஷ்டமும் அழகும் சேர்மானத்தில் இருக்கிறது என்று நினைக்கிறவன் நான். போதாததற்கு அங்கே வழிபாடு கிடையாது, விளக்கெண்ணெய் வாசனை கிடையாது.

தஞ்சாவூர்க் கட்சியோடு எனக்குச் சண்டையே இல்லை. 216 அடி விமானம் எட்ட நின்று பார்ப்பதற்கு. எட்டப் போகப்போக அது வளரும். எங்களுடையது கைக்கெட்டும் தூரத்தில் வைத்துப் பார்க்கவேண்டியது. இரண்டுக்கும் வெவ்வேறு கண் வேண்டும், அவ்வளவுதான். பௌத்த சைத்தியத்திலிருந்து வந்த வடிவம்தானே என்று வரலாறு படித்தவர்கள் சொல்வதையும் ஏற்றுக்கொள்கிறேன். கார்லே, பாஜா குடைவரைகளைப் பார்த்தவர் யாரும் மறுக்கமாட்டார்கள். ஆனால் வந்த வழியைச் சொல்லிவிட்டால் கணக்குத் தீர்ந்துவிடுமா? பல்லவர் காலத்தில் பிடித்த இந்தப் பிரியம் சோழர் காலத்திலும் தொண்டை மண்டலத்தில் ஏன் குறையவில்லை என்பதுதான் கேள்வி. தஞ்சைப் பக்கத்திலிருந்து வந்த அரசுக்குச் சதுரம் பழக்கம். உள்ளூர்க்காரன் தன் தூங்கானையை விட்டுக்கொடுக்கவில்லை. குலோத்துங்கன் காலத்துக் கல்வேலையிலும் அது நிமிர்ந்து நிற்கிறது என்றால், ஊர் ரசனைக்கு அரசும் மரியாதை கொடுத்திருக்கிறது என்றுதான் நான் படித்துக்கொள்கிறேன்.

மாடம்பாக்கம் கோயில் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் பிழைத்தது. பாதுகாப்பில்லாத கோயில்களில் நடப்பதைப் பார்த்தால் வயிறு எரிகிறது. கும்பாபிஷேகம் என்றதும் முதல் வேலையாகக் கருங்கல் சுவருக்குப் பளபளவென்று வர்ணம் அடிக்கிறார்கள். அதற்கு முன்னால் மணலை வீசிச் சுத்தம் செய்யும் எந்திரம் வந்து கல்வெட்டின் எழுத்தை மழுங்கடித்துவிட்டுப் போன காலமும் உண்டு. தரைக்கு வழவழப்பான கிரானைட். மழையில் பெரியவர்கள் கால் வைக்கப் பயப்படுகிறார்கள். எல்லாவற்றையும்விட என்னை வருத்துவது அந்தத் தகரக் கொட்டகை. பக்தர்கள் வெயிலில் நடக்கக்கூடாது என்று பிராகாரத்தில் விமானத்தை ஒட்டிப் போட்டுவிடுகிறார்கள். நல்லெண்ணம்தான். ஆனால் வளைந்த சுவருக்கு வெயில்தான் உயிர். கொட்டகை போட்ட கோயிலில் கொடுங்கைக்கு மேல் எதுவும் தெரியாது, கீழே உள்ளதும் ஒரே மங்கல். வெயிலுக்குப் பயந்தால் சணல் விரிப்புப் போடுங்கள், தண்ணீர் தெளியுங்கள். நம் பாட்டிகள் சூடு பொறுத்துத்தானே சுற்றினார்கள்?

என் சின்ன வயதில் சேலையூர் தாண்டினால் வயல்தான். 2021-ல் மாடம்பாக்கம் தாம்பரம் மாநகராட்சியோடு சேர்ந்தபோது பெயர்ப்பலகை மட்டும்தான் மாறியது. ஊர் அதற்கு வெகுகாலம் முன்பே நகரமாகியிருந்தது. அடுக்குமாடி எழும்புவதைத் தடுக்க முடியாது என்பது தெரிகிறது. கோயிலைச் சுற்றி நான்கு தெருவிலாவது விமானத்தைவிட உயரமாகக் கட்டாமல் இருந்தால் நன்றாயிருக்கும்.

ஒருநாள் முழுக்க ஒதுக்க முடிந்தவர்கள் திரிசூலத்திலிருந்து தொடங்குங்கள். மின்சார ரயிலில் திரிசூலம் ஸ்டேஷனில் இறங்கி உள்ளே நடந்தால், கல்லெடுத்துக் குடைந்த மலைகளுக்கு நடுவே திரிசூலநாதர். எதிர்ப்பக்கம் மீனம்பாக்கம் விமான நிலையம். கோயிலின் விமானம் சின்னது, நெருங்கிப் பார்க்க வசதி. அடுத்து தாம்பரம் மேற்கிலிருந்து சோமங்கலம். நந்தி இறைவனுக்கு முதுகு காட்டித் திரும்பியிருக்கும் என்பதற்காகவும் சந்திர தலம் என்பதற்காகவும் கூட்டம் வருகிறது. நீங்கள் நந்தியைப் பார்த்துவிட்டு நேராகப் பின்னால் போங்கள். அப்புறம் மணிமங்கலம். ராஜகோபாலப் பெருமாள் கோயிலுக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் தர்மேஸ்வரரை எட்டிப்பார்ப்பதில்லை. இரண்டும் ஒரே ஊர். கிராமத்துக் கோயில்களில் பதினொரு மணிக்கெல்லாம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் இந்த மூன்றையும் காலையிலேயே முடித்துவிடவேண்டும். மதியம் தாம்பரத்தில் சாப்பாடு, சிறு தூக்கம், மாலை நாலரைக்கு மாடம்பாக்கம்.

காஞ்சிபுரம் போகிற நாளில் பட்டுக்கடையோடு திரும்பாமல் கூரத்துக்கும் ஒரு நடை போய்வாருங்கள். பல்லவ மன்னன் முதலாம் பரமேஸ்வரவர்மன் எடுப்பித்த தூங்கானைக் கோயில் அங்கே இருக்கிறது. மேற்கட்டு போய்விட்டதால் அடிப்பகுதியின் வளைவைத் தங்குதடையில்லாமல் படிக்கலாம். பல்லவன் நரசிம்மவர்மன் சாளுக்கிய மன்னன் புலிகேசியை மணிமங்கலத்தில் முறியடித்ததைச் சொல்வது கூரம் செப்பேடுதான். அந்தச் செப்பேடு எழுதப்பட்டதே கூரத்துக் கோயிலுக்கு விட்ட மானியத்துக்காக. பல்லவன் போரிட்ட ஊரிலும் தூங்கானை, அந்தப் போரைப் பதிந்துவைத்த ஊரிலும் தூங்கானை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகளைப் பள்ளியிலிருந்து வண்டலூர் மிருகக்காட்சி சாலைக்குக் கூட்டிப்போகிறார்கள், போகட்டும். அடுத்த வருஷம் அதே பஸ்ஸை மணிமங்கலம் வழியாகக் கூரத்துக்கு விடுங்கள் என்று எங்கள் தெருப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.