கணம், ராசி, பதினாறு வகை

தேனி மாவட்டத்துத் தேவாரத்திலோ கோம்பையிலோ ஒரு பெண்ணுக்கு வரன் பார்க்கத் தொடங்கினால், அவள் நேரில் வந்து நான்கு வார்த்தை பேசுவதற்கு முன்பே அவள் எப்படிப்பட்டவள் என்று ஒரு தாள் சொல்லிவிடுகிறது. பத்துப் பொருத்தங்களில் ஒன்று கணப் பொருத்தம். 27 நட்சத்திரங்களை ஒன்பது ஒன்பதாகப் பிரித்து, தேவ கணம், மனித கணம், ராட்சச கணம் என்று மூன்று கூட்டமாக வைத்திருக்கிறார்கள். கார்த்திகை, ஆயில்யம், மகம், சித்திரை, விசாகம், கேட்டை, மூலம், அவிட்டம், சதயம் ஆகிய ஒன்பதில் பிறந்தவர்கள் ராட்சச கணம். "பொண்ணு ராட்சச கணம், அடங்க மாட்டா" என்று யாராவது சொல்லிவிட்டால் பேச்சு அங்கேயே நின்றுபோகும். அந்தப் பெண் வீட்டில் எவ்வளவு பொறுமைசாலி என்பதை விசாரிக்கக்கூட ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

அதே தெருவில், அதே வயதுப் பெண்கள் இன்று கைப்பேசியில் ஒரு கேள்வித்தாளை நிரப்பி, பதினாறு வகை மனிதர்களில் தாங்கள் எந்த வகை என்று தெரிந்துகொள்கிறார்கள். நான்கு ஆங்கில எழுத்துகளில் விடை வருகிறது. "நான் ஐஎன்எஃப்ஜே" என்று நண்பர்களிடம் சொல்லிக்கொள்கிறார்கள். இரண்டையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று சிலர் கோபப்படலாம். வைத்துத்தான் பார்க்க வேண்டும். ஒரு வகைப்பாடு நான் செய்வதை எனக்குக் காட்டுகிறதா, அல்லது நான் இன்னார்தான் என்று தீர்ப்பு எழுதிக் கையில் கொடுக்கிறதா? பழையதோ புதியதோ, இந்தக் கேள்வியை வைத்தே அதைக் கொள்ளவும் தள்ளவும் வேண்டும் என்பது என் கருத்து.

முதலில் வகைப்பாட்டின் நன்மை. அது சிறிய நன்மை அல்ல. விசேஷ வீட்டில் ஒரு மணி நேரம் உட்கார்ந்துவிட்டு மொட்டை மாடிக்குப் போய்த் தனியாக நிற்கும் பையனுக்கு நம் ஊரில் என்ன பெயர்? ஊமைக்கோட்டான், உம்மணாமூஞ்சி. அவன் யாரையும் வெறுக்கவில்லை, கூட்டம் அவனைக் களைக்க வைக்கிறது, அவ்வளவுதான். கார்ல் யுங் 1921-இல் எழுதிய உளவியல் வகைகள் நூல், மனத்தின் ஓட்டம் உள்நோக்கிப் போகிறவர், வெளிநோக்கிப் போகிறவர் என்று இரண்டு போக்குகளைப் பேசியது. அந்தப் பையனிடம் 'நீ உள்முகமானவன், அது குறை இல்லை' என்று யாராவது சொன்னால், பல வருடமாகச் சுமந்த ஒரு வசையை அவன் இறக்கி வைக்கிறான். இதை நான் மதிக்கிறேன்.

மலையில் ஏலத்தோட்டம் வைத்திருக்கும் அண்ணன் தம்பிகளை எடுத்துக்கொள்ளுங்கள். பறித்து, ஸ்டோரில் உலர்த்தி எடுத்த காயை இந்த ஏலத்திலேயே போட்டுவிட வேண்டும் என்பார் அண்ணன். விலை ஏறும்வரை மூட்டையை வைத்திருப்போம் என்பார் தம்பி. 2019 ஆகஸ்டில் புத்தடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன சரக்கு, சில வருடங்களில் ஆயிரத்துக்கும் கீழே இறங்கியது. அப்படிப்பட்ட சந்தையில் இந்தச் சண்டை வராத வீடு குறைவு. 'பயந்தாங்கொள்ளி', 'பேராசைக்காரன்' என்று ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதற்குப் பதிலாக, ஒருவருக்கு முடிவெடுத்து முடித்தால்தான் தூக்கம் வரும், இன்னொருவருக்கு வழியைத் திறந்து வைத்திருந்தால்தான் நிம்மதி என்று புரிந்துகொண்டால், பாதிச் சரக்கை இன்றும் பாதியைப் பிறகும் விற்கலாமே என்ற பேச்சாவது எழும். குணத்தைப் பழி சொல்லாமல் பேச ஒரு மொழியைக் கொடுப்பதுதான் வகைப்பாட்டின் உண்மையான பலம்.

ஆனால் அந்த மொழி எதன் மேல் நிற்கிறது? அமெரிக்காவில் கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் பிரிக்ஸ் மையர்ஸும் யுங்கின் கருத்தை எடுத்து, நான்கு இரட்டைகளாக்கி, பதினாறு பெட்டிகளாக விரித்தார்கள். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் உருவாகத் தொடங்கிய கேள்வித்தாள் இது. 1962-இல் முறையாக அச்சுக்கு வந்தது. இருவருமே உளவியலில் பயிற்சி பெற்றவர்கள் அல்லர். இதை ஒரு பெரிய குறையாக எடுக்க மாட்டேன், பயிற்சி இல்லாதவர்களும் நல்லதைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். கோளாறு வேறு இடத்தில் இருக்கிறது.

போடியில் ஏலக்காயைத் தரம் பிரிக்கிறபோது சல்லடையில் இட்டுச் சலிக்கிறார்கள். 8 எம்.எம். துளையில் விழாமல் நிற்பது ஒரு தரம், விழுந்தது அடுத்த தரம். 7.9 எம்.எம். காயும் 8.1 எம்.எம். காயும் ஏறக்குறைய ஒரே காய்தான், ஆனால் வேறு வேறு மூட்டைக்குப் போகின்றன, வேறு வேறு விலை. வியாபாரத்துக்கு எங்காவது கோடு போட்டாக வேண்டும், அதனால் அங்கே அது சரி. மனிதர்களின் உள்முகப் போக்கை அளந்தாலோ, பெரும்பாலோர் நடுவில்தான் குவிகிறார்கள், இரண்டு ஓரங்களிலும் சிலரே இருக்கிறார்கள். கேள்வித்தாள் சரியாகக் கூட்டம் மிகுந்த அந்த நடுவில் கோடு கிழிக்கிறது. அதனால்தான் சில வாரம் கழித்து மறுபடி எழுதுகிறவர்களில் கணிசமானோருக்கு ஓர் எழுத்தாவது மாறிவிடுகிறது. மாறியது மனிதர் அல்ல, கோட்டின் எந்தப் பக்கம் விழுந்தார் என்பது மட்டும்தான். இன்றைய உளவியல் ஆய்வாளர்கள் பெட்டிகளை விட்டுவிட்டு, புறமுகம், இணக்கம், பொறுப்புணர்வு, மனக்கலக்கம், புதியதை ஏற்கும் திறந்த மனம் என்ற ஐந்து பண்புகளை ஏற்ற இறக்க அளவுகளாகவே எடுத்துக்கொள்வது இதனால்தான். அந்த அளவுகளும் வயதோடு நகர்கின்றன. இருபதில் இருப்பதைவிட நாற்பதில் பலர் பொறுப்பு கூடியவர்களாக இருப்பதை ஆய்வுகள் காட்டுகின்றன.

'அப்படியே என்னைப் பற்றி எழுதியிருக்கிறதே' என்ற வியப்பை நம்பவே கூடாது. பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் 39 மாணவர்களுக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கொரு குணக்குறிப்பு என்று சொல்லித் தாள் கொடுத்தார். எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் கேட்டார். சராசரி நான்கைத் தாண்டியது. எல்லாருக்கும் கொடுத்தது ஒரே தாள், அதன் வாக்கியங்களும் ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுத்தவை. 1949-இல் வெளியான ஆய்வு இது. நம் நாட்டில் விண்ணியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர் குழு மகாராஷ்டிரத்தில் இதற்கு வேறொரு பக்கத்திலிருந்து சோதனை வைத்தது. படிப்பில் சிறந்த பிள்ளைகள், மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகள் என இரு தரப்பின் ஜாதகங்களையும் கலந்து, 27 சோதிடர்களிடம் ஆளுக்கு 40 கொடுத்துப் பிரிக்கச் சொன்னார்கள். சரியாக வந்தது 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டாலும் அந்த அளவு வரும். இத்தனை பெரிய வேறுபாட்டையே காட்ட முடியாத கட்டங்கள், ஒரு பெண் அடங்குவாளா மாட்டாளா என்று சொல்லும் என நம்பி அவள் கல்யாணத்தைத் தள்ளிப் போடுவது அநியாயம்.

சித்த மருத்துவம் இதில் கொஞ்சம் நிதானம் காட்டியிருக்கிறது. வாதம், பித்தம், கபம் என்று உடம்பைப் பிரிக்கிறபோதே, இரண்டு கலந்ததைத் தொந்தம் என்று சொல்லி இடம் விட்டிருக்கிறது. 'பித்த உடம்பு' என்று சொன்ன கையோடு எதை உண்ண வேண்டும், எதை விலக்க வேண்டும் என்ற பத்தியமும் வந்துவிடும். வகை ஒரு காரியத்தில் போய் முடிகிறது. ஆனால் அதே சொல்லை ஊரில் எப்படிப் பயன்படுத்துகிறோம்? "எனக்குப் பித்த உடம்புங்க, கோவம் வரத்தான் செய்யும்" என்று. சிம்ம ராசிக்காரரும் இதையே சொல்கிறார், ஐஎன்எஃப்ஜே பெண்ணும் தன் மௌனத்துக்கு இதையே சொல்கிறாள். பத்தியம் போய்ச் சாக்கு மட்டும் தங்கிவிடுகிறது. சுயபரிசோதனை என்று தொடங்கியது பரிசோதனைக்கு விலக்கு வாங்கும் வழியாகிவிடுகிறது.

நன்னூல் பொதுப்பாயிரத்தில் பவணந்தி முனிவர் மாணாக்கரை வகைப்படுத்தியிருப்பதை இந்த இடத்தில் எடுத்து வைக்கிறேன். அன்னமும் பசுவும் போன்றவர் முதல் தரம், மண்ணும் கிளியும் போன்றவர் நடுத்தரம், ஓட்டைக் குடம், ஆடு, எருமை, பன்னாடை போன்றவர் கடைத்தரம். நெய்யை வடித்துவிட்டுக் கசடைப் பிடித்து வைப்பது பன்னாடை. கேட்டதில் நல்லதை விட்டுவிட்டு வேண்டாததை மனத்தில் தேக்குகிறவரை அது சுட்டுகிறது. இங்கே ஒவ்வொரு வகையும் ஒரு செயல். ஆட்டைப் போல நுனிப்புல் மேய்கிறேனா, எருமையைப் போலக் குளத்தைக் கலக்கிக் குடிக்கிறேனா என்று இன்றைய பாடத்தை வைத்தே என்னை நான் பார்த்துக்கொள்ள முடியும், நாளைக்கு வேறு விதமாகக் கேட்கவும் முடியும். பிறந்த நேரம் இதில் இல்லை. குறையும் உண்டு. பாடம் சொல்லத் தகாதவர்கள் என்று ஒரு பட்டியலையும் தந்து, நோயாளியையும் மந்த புத்திக்காரரையும் அதில் சேர்த்து வாசலை அடைக்கிறது நன்னூல். வகை கையில் இருப்பவருக்கு அதிகாரமும் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அது பழைய சாட்சி.

வகையே வேண்டாம் என்ற வழியும் நம்மிடம் இருக்கிறது. 1902-இல் சிவப்பிரகாசம் பிள்ளை கேட்ட கேள்விகளுக்குத் திருவண்ணாமலை ரமணர் தந்த விடைகள் பின்னர் 'நான் யார்?' என்ற சிறு நூலாயின. அங்கே உடம்பு, மனம், குணம் எல்லாமே கழித்துக்கொண்டு போக வேண்டியவை. 1938-இல் இந்தியாவில் இருந்த யுங் திருவண்ணாமலைக்குப் போகவில்லை, ஆனால் பிறகு ரமணரைப் பற்றிய ஜெர்மன் நூல் ஒன்றுக்கு முன்னுரை எழுதினார். ரமணர் வழி எனக்குப் பெரியது. இருந்தாலும் தம்பியோடு மூட்டை விற்பதில் சண்டை போடுகிறவருக்கு இன்று மாலையே உதவக்கூடியது, தன் பழக்கத்தைப் பெயர் சொல்லிப் பார்க்கிற சின்ன வேலைதான்.

ஆட்களுக்கு முத்திரை குத்துவதற்காக இந்த வகைகளைத் தான் சொல்லவில்லை என்று யுங்கே எழுதியிருக்கிறார். பதினாறு வகைக் கேள்வித்தாளை விற்கும் நிறுவனமும் ஆள் எடுக்க இதைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது. அப்படியிருக்க, கல்லூரிகளில் வேலைவாய்ப்புப் பயிற்சி என்ற பெயரில் இந்தத் தாளை நீட்டுகிறவர்கள் ஒரு வழக்கத்தை நன்னூலிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம். மாணாக்கரைத் தரம் பிரிக்கும் முன்பே அது ஆசிரியரைத் தரம் பிரித்துவிடுகிறது. ஆசிரியர் ஆகாதவர்களுக்குக் கழற்குடம், மடற்பனை, பருத்திக் குண்டிகை, முடத்தெங்கு என்று நான்கு பெயர் வைத்திருக்கிறது. பயிற்சியாளர் முதலில் தன் தாளை மாணவர் முன் வைக்கட்டும், மூன்று மாதம் கழித்து அவரே மறுபடி எழுதிய தாளையும் அதன் பக்கத்தில் வைக்கட்டும்.