கொட்டிக்கு ஊட்டும் காற்று

பகல் பன்னிரண்டு மணிவாக்கில் என் மீன்தொட்டிக்கு முன்னால் போய்க் குந்திக்கொள்வேன். கொட்டி என்ற நீர்ச்செடியின் நெளிந்த இலையோரத்தில் ஊசிமுனையளவு ஒட்சிசன் முத்து ஒன்று திரண்டு, பருத்து, ஒரு கணம் ஆடி, பிடிவிட்டு மேலே ஓடும். அந்த இடத்தில் உடனே இன்னொன்று. செடி வயிறாரச் சாப்பிட்டிருக்கிறது என்று அப்போது தெரியும்.

அந்தச் சாப்பாடு காபன். காற்றில் பரவுவதைவிடத் தண்ணீரில் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. எங்கள் மூதூர் வெயிலில் தண்ணீர் 30 பாகையைத் தொட்டால், கரைந்து நிற்பதும் குறைந்துபோகும்.

சீனியும் ஈஸ்ட்டும் போட்ட போத்தலில் அந்த வாயுவை உண்டாக்கித்தான் நானும் தொடங்கினேன். நம் வெக்கையில் ஈஸ்ட் முதல் நாட்களில் பொங்கும், பிறகு சோர்ந்துவிடும். அந்த ஏற்ற இறக்கம் கறுப்புப் பாசிக்குக் கொண்டாட்டம். என் முதல் தொட்டியின் இலைநுனியெல்லாம் தாடி முளைத்தது. திரவக் காபன் என்று விற்பதில் பெரும்பாலும் இருப்பது குளூட்டரல்டிகைட்டு, ஆஸ்பத்திரிக் கருவிகளுக்கான கிருமிநீக்கி. பாசியைக் கொல்லும், வாலிஸ்னேரியாவையும் கரைத்துவிடும். அதை உணவென்று சொல்ல எனக்கு மனம் வராது.

என் மனம் காபனீரொட்சைட்டு அடைத்த அழுத்த உருளையில்தான். ஊசி வால்வைத் தொட்டும் தொடாமலும் திருகி, நொடிக்கு ஒரு குமிழ் என்று எண்ணி நிறுத்துவது சுருதி சேர்ப்பதைப் போன்றது. உள்ளே தொங்கும் சின்னக் கண்ணாடிக் குமிழில் நிறங்காட்டித் திரவம் இருக்கும். நீலமென்றால் பசி. பச்சையென்றால் லீற்றருக்கு ஏறக்குறைய 30 மில்லிகிராம். மஞ்சளானால் மீன்கள் மேலே வந்து வாயைப் பிளக்கும். அந்த நிறம் ஒன்றிரண்டு மணிநேரம் பிந்தியே மாறும். விளக்கு எரியும்போதே காபன் தயாராக இருக்க, ஒரு மணிநேரம் முன்பே வாயுவைத் திறந்துவிடுவேன். இப்படி வாயு ஊட்டுவது, யப்பானின் நீர்த்தோட்டக் கலைஞர் தகாஷி அமானோ சோடாத் தண்ணீரை ஊற்றிப் பார்த்துத் தொடங்கிய வித்தை என்பார்கள்.

எல்லாச் செடிக்கும் உருளை கேட்காது. இலங்கைக்கே உரிய கிரிப்டோகோரைன் வென்டி, 1958இல் தாவரவியலாளர் டி விட் பெயரிட்டது, மங்கிய வெளிச்சமும் வேருக்கு நல்ல மண்ணும் இருந்தால் சும்மாவே தழைக்கும். அதன் குட்டித் தங்கை பார்வாவுக்கு வாயு கொடுத்தாலும் கம்பளமாக விரிய மாதக்கணக்கு ஆகும். பொறுத்தவருக்கு அது விருந்து. வாலிஸ்னேரியாவும் ஹைட்ரில்லாவும் கடின நீரிலுள்ள இருகாபனேற்றிலிருந்தே காபனை எடுத்துக்கொள்ளும். அவற்றுக்கு என் கிணறே போதும்.

கொட்டியின் சங்கதி வேறு. குளம் வற்றினாலும் கூடவே கிடக்கும் உறவுக்கு அவ்வையார் மூதுரையில் எடுத்துக்காட்டிய செடியல்லவா! சேற்றுக்குள் கிழங்காய்க் காத்திருக்கத் தெரிந்தது. கொட்டியாரக் குடாவின் கரையில் இருந்துகொண்டு அதை வளர்க்காமல் எப்படி இருப்பது? தொட்டியிலும் அது சில காலம் இலை உதிர்த்து உறங்கப் போகும். அந்த வாரங்களில் உருளையை மூடிவைப்பேன். புதுக் குருத்து சுருள் விரிக்கும் காலையில் வால்வைக் கால் திருகு திறந்துவிட்டு, முதல் குமிழுக்காகக் காத்திருப்பேன்.