இரட்சணிய யாத்திரிகமும் சமயம் மாறிய உள்ளமும்

தமிழ்க் கிறிஸ்தவ இலக்கியத்தைப் பற்றிப் பேசுவோர் எச். ஏ. கிருஷ்ணபிள்ளையவர்களைக் ‘கிறிஸ்தவக் கம்பர்’ என்று போற்றி அம்மட்டோடு அமைந்துவிடுதல் பெருவழக்காயிற்று. இப்புகழுரை அவருக்கு நன்மை செய்ததோ என்பது ஐயத்திற்குரியது. கிறிஸ்தவர் பலர் அப்பட்டத்தைப் பெருமையோடு கூறி நூலைத் திறவாது விடுகின்றனர். சைவராகிய நாமோ, கம்பர் ஒருவர் இருக்க இன்னொரு கம்பர் எற்றுக்கு என்று நூலைத் திறவாது விடுகின்றோம். இருசாராராலும் ஒருங்கே படிக்கப்படாத பெருமை அவருடைய இரட்சணிய யாத்திரிகத்துக்கு வாய்த்தது.

இக்கட்டுரையில் நாம் ஆராயப் புகுவது அந்நூலின் அணிநலமன்று. ஒருவன் தான் பிறந்த சமயத்தை விட்டுக் கிறிஸ்தவனாகும்போது அவன் உள்ளத்தில் நிகழ்வது யாது, அதன்பின் அவன் தொடங்கும் வாழ்வு எத்தகையது என்னும் வினாவுக்கு இக்காப்பியம் மெய்யான விடை தருகின்றதா என்பதே நம் வினா. சமயமாற்றம் என்றவுடன் பாடசாலை, உத்தியோகம், விவாகம் என்பவற்றை எண்ணி நகைத்தல் நம்மவர் இயல்பு. அந்நகைப்புக்குக் காரணம் இல்லாமலில்லை. ஆயினும் அதனால் எல்லாரையும் அளந்துவிடல் முறையாகாது.

கிருஷ்ணபிள்ளை 1827 ஆம் ஆண்டு திருநெல்வேலிப் பகுதியிலுள்ள கரையிருப்பு என்னும் ஊரில் வைணவ வேளாளர் குடியிற் பிறந்தவர். கம்பராமாயணம் அவர் வீட்டில் ஏட்டளவில் நில்லாது நாவில் வாழ்ந்த நூல். சாயர்புரத்துக் கிறிஸ்தவக் கல்விநிலையத்திலே தமிழ்ப் பண்டிதராக அமர்ந்தபோதும் அவர் வைணவராகவே இருந்தார். நண்பரோடு உரையாடியும் நூல்களைக் கற்றும் பலகாலம் உள்ளத்துட் போராடியபின், 1858 இல், தம் முப்பதாண்டு நிறைந்த பருவத்தில், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். அங்கே தினவர்த்தமானி என்னும் வார இதழிலும் பணிபுரிந்தார்.

அவ்விதழின் பெயர் நம் நாட்டவர்க்குப் புதிதன்று. அதனைத் தொடங்கியவர் பேர்சிவல் பாதிரியார். யாழ்ப்பாணத்தில் அவர் வேதாகமத்தைத் தமிழ்செய்த காலத்து அவருக்குத் துணைநின்றவர் நல்லூர் ஆறுமுக நாவலர். விவிலியத்தைச் சொற்சொல்லாக ஆராய்ந்த நாவலர் முன்னிலும் உறுதியான சைவராய் வெளிவந்தார். கிறிஸ்தவக் குடும்பத்திற் பிறந்து வட்டுக்கோட்டைச் செமினறியிற் கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளையும் இத்தினவர்த்தமானியின் ஆசிரியராய் விளங்கியவரே; அவர் பின்னர்ச் சைவராயினார். அவர் மைந்தரோ மீளவும் கிறிஸ்தவராகிப் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என்னும் பெயர் பூண்டு, சைவ நாயன்மார் திருப்பாடல்களை ஆங்கிலத்திற் பெயர்த்து 1921 இல் பிலிப்ஸ் என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார்! ஒரே நூலைக் கற்று, ஒரே பாதிரியாரோடு பழகி, ஒருவர் அசையாது நின்றார், ஒருவர் மீண்டார், ஒருவர் சென்றார். புறக்காரணங்களால் மட்டும் இதனை விளக்கிவிடலாம் என்பார் இம்மூவரையும் ஒருங்கு வைத்து எண்ணுவாராக.

இனி நூலுக்கு வருவாம். இரட்சணிய யாத்திரிகம் 1894 இல் நூலுருப் பெற்றது. அதற்கு முன்னர் நற்போதகம் என்னும் இதழிற் பல்லாண்டு தொடர்ந்து வெளிவந்தது. மூவாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்ட விருத்தங்களையுடைய இப்பெருநூல் ஜோன் பனியன் 1678 இல் வெளியிட்ட ஆங்கில உரைநடைக் கதையைத் தழுவியது. கதை யாவரும் அறிந்ததே. அழிவுக்குரிய நகரத்திலே ஒருவன் கையிற் புத்தகமும் முதுகிற் பெருஞ்சுமையுமாய் நின்று அழுகின்றான். தன் சுமையைப் பிறர் காணாமை கண்டு மேலும் அழுகின்றான். பின் ஊரையும் உறவையும் விட்டு ஓடுகின்றான். வழியிற் சேற்றில் விழுந்து எழுந்து ஒரு சிலுவையின் முன் வந்து நிற்க, அவன் யாதும் செய்யாமலே சுமை கட்டவிழ்ந்து உருண்டு ஒரு கல்லறைக்குள் வீழ்ந்து மறைகின்றது.

பனியன் தகரப் பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளியாக வாழ்ந்தவர். அனுமதியின்றிப் போதித்தமைக்காகப் பெட்போர்ட் சிறையிற் பன்னிரண்டாண்டு இருந்தவர். அவர் கதையில் நாம் ஊன்றி நோக்கற்பாலது ஒன்றுண்டு. சுமை விழுவது கதையின் முடிவிலன்று, தொடக்கத்தை அடுத்து. புத்தாடையும் நெற்றிக் குறியும் முத்திரையிட்ட ஓலைச்சுருளும் பெற்ற பின்னரே பயணத்தின் பெரும்பகுதி கிடக்கின்றது. அருள்பெற்ற அவன் சிறிது தூரத்தில் நிழலிற் படுத்துறங்கி அவ்வோலையைத் தவறவிடுகின்றான்; வந்த வழியே அழுதுகொண்டு திரும்பித் தேடுகின்றான். அப்பொல்லியோனோடு பொருவதும், மாயைச் சந்தையிற் சிறைப்படுவதும், ஐயக் கோட்டையிலே தற்கொலைக்குத் தூண்டப்படுவதும் எல்லாம் சுமை இறங்கியதற்குப் பின்னரே. ஈற்றில் ஆற்றைக் கடக்கும்போதும் அவன் அமிழ்ந்து போகப் பார்க்கின்றான். உடன்வந்த நண்பனே தலையைத் தாங்குகின்றான். ஞானஸ்நானத்தோடு எல்லாம் முடிந்தது என்று எண்ணுவோர்க்கும், பெயர் மாறியதேயன்றி வேறொன்றும் மாறவில்லை என்று எள்ளுவோர்க்கும் பனியன் இடங்கொடுத்தாரல்லர்.

இது நமக்கு அயலான செய்தியுமன்று. மருணீக்கியார் சமண் சார்ந்து தருமசேனராகிச் சூலைநோயால் வருந்தித் தமக்கையார் திருவடியை அடைந்து நீறு பெற்ற வரலாற்றைச் சேக்கிழார் கூறுமிடத்தும் அதுவே முடிவன்று. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லிற் பிணித்துக் கடலிலிட்டதும் அதற்குப் பின் வருவன. கைலை நோக்கிச் சென்ற முதுமைப் பயணத்திலே கால் தேய்ந்து கை தேய்ந்து உடல் தேய்ந்து கிடந்த நிலையும் பின்னையதே. வேற்றுமை யாதெனின், அப்பர் மீண்டு வந்தார். இழந்த இல்லம் அவரை எதிர்நோக்கியிருந்தது. திலகவதியார் வாயிலில் நின்றார். கிறிஸ்தவனாகிய தமிழனுக்கு அத்தகைய வாயில் இல்லை. அவன் செல்லும் வீட்டை முன்னர் அவன் கண்டதில்லை.

இவ்விடத்திலேதான் கிருஷ்ணபிள்ளையவர்கள் எடுத்துக்கொண்ட பணியின் அருமை விளங்கும். பனியனின் நாயகன் சமயம் மாறியவனல்லன். அவன் ஊரார் யாவரும் பெயரளவிற் கிறிஸ்தவரே. தாம் கண்ட பெட்போர்ட்டு மாந்தரையே பனியன் அழிவின் நகரத்தாராக எழுதினார். அக்கதையைத் திருநெல்வேலியிலிருந்து ஒருவர் பாடும்போது அந்நகரம் வேறொன்றாகிவிடுகின்றது. அது தந்தையின் ஊர். கோயிலும் குளமும் ஆழ்வார் பாசுரமும் உள்ள ஊர். சமயமே மாறாத ஒருவனின் கதையைச் சமயம் மாறிய ஒருவர் தம் கதைக்கு அச்சாகக் கொண்டார் என்பதை இதுவரை இந்நூலைப் பாராட்டியோர் போதிய அளவு எண்ணிப் பார்த்ததாகத் தோன்றவில்லை.

அவ்வூரை எரிக்கும் சினத்தோடு அவர் பாடினாரா? பிறசமய மறுப்பு இந்நூலில் முற்றாக இல்லை எனல் ஆகாது. ஆயினும் வாதத்துக்கென அவர் இரட்சணிய சமய நிர்ணயம் என்னும் உரைநடை நூலைத் தனியே செய்தார். காப்பியத்தில் அழியும் நகரத்தைப் பெரும்பாலும் பாவ உலகமாகவே வைத்தார். அது பண்புடைய செயல் என்பதே என் கருத்து. ஆத்தும விசாரி என்று நாயகனுக்கு அவர் இட்ட பெயரும் நோக்கத்தக்கது. ஆங்கிலத்துப் பெயர் அவன் எதுவானான் என்பதைச் சொல்லுகின்றது. தமிழ்ப் பெயரோ அவன் எதனைத் தேடினான் என்பதைச் சொல்லுகின்றது. ஆன்ம விசாரம் நம் சமயங்கள் அனைத்துக்கும் பொதுவன்றோ?

ஆனால் நூல் எங்கும் ஒரு தரத்தது என்று கூற இயலாது. காப்பிய இலக்கணம் வேண்டுகின்றது என்பதற்காக விரித்த வருணனைகள் பயணியின் அவசரத்தைக் கெடுக்கின்றன. அழிவு அண்மிற்று என்று அஞ்சி ஓடுகின்றவன் விருத்தம் விருத்தமாக நின்று இயற்கை எழில் காண்பது எங்ஙனம்? பனியனுடைய நடை தொழிலாளியின் நடை. ஒரு சொல்லில் ஊரையே காட்டிவிடும். பண்டிதருடைய நடையோ பத்துச் சொல்லில் ஒன்றைக் காட்டும். சுமை விழும் இடத்திலேயே இக்குறை மிகுதியாகத் தோன்றுகின்றது. முப்பதாண்டுக்கு மேல் மனத்தில் வைத்திருந்த அனுபவம் அவ்விடத்தில் வெடித்தெழும் என்று எதிர்பார்க்கின்றோம். எழுவது விழாவொலியே. கம்பர் மகுடம் சூட்டுதற்கும் மணவினைக்கும் ஏற்ற ஓசையை அவருக்குக் கொடுத்தார். ஒருவன் தனியே நின்று விம்முதற்கு ஏற்ற ஓசையைக் கொடுக்கவில்லை.

அவ்வோசை அவருக்குக் கிடைத்த இடம் வேறு. காப்பியத்தினிடையே தேவாரம் என்று பெயரிட்டு அவர் நூற்றுக்கு மேற்பட்ட பாடல்களை வைத்துள்ளார். பனியனிடத்து இல்லாத இயேசுவின் பாடுகளின் வரலாற்றையும் குமார பருவத்திலே விரித்துள்ளார். இவ்விரண்டிலும் புலவர் மறைந்து அடியார் வெளிப்படுகின்றார். பதிக மரபிலே உருகியும் தன்னைப் பழித்தும் திருவடியை வேண்டியும் நிற்கும் அக்குரல் ஆழ்வாரையும் நாயன்மாரையும் கேட்டு வளர்ந்த குரல். புதிய இறைவனிடம் அவர் பேசியது பழைய மொழியில். அங்ஙனமாயின் அவர் மாறியதுதான் யாது என்று கேட்கலாம். அடியவனின் நிலை மாறவில்லை. முறையிடும் முறை மாறவில்லை. யாரை நோக்கி என்பது மாறியது. அஃதொன்றும் சிறிய மாற்றமன்று. சிறு மாற்றமாயின் வீட்டிலே அத்துணைத் துயரம் நேர்ந்திராது, அவருக்கும் அத்துணைக் காலம் வேண்டியிராது.

வகுப்பிலே இக்கதையை ஒருமுறை சுருக்கிக் கூறியபோது மாணவனொருவன் எழுந்து, “ஐயா, மனைவி மக்கள் கூப்பிடக் காதைப் பொத்திக்கொண்டு ஓடினவன் எப்படி நல்லவன்?” என்று வினாவினான். அவ்வினா என்னை விட்டகலவில்லை. பனியனுக்கும் அது தோன்றியிருத்தல் வேண்டும். ஆறாண்டு கழித்து, 1684 இல், மனைவியும் மக்களும் அதே வழியிற் பயணஞ்செய்யும் இரண்டாம் பாகத்தை அவர் எழுதினார். அப்பயணத்தில் அச்சம் குறைவு, துணை மிகுதி, விருந்தும் இசையும் உண்டு. கிருஷ்ணபிள்ளை முதற்பாகத்தையே காப்பியமாக்கினார். தமிழ்நாட்டில் சமயம் மாறிய ஒருவனை வருத்துவது அரக்கனுமன்று, ஐயக் கோட்டையுமன்று. அடுக்களையில் அழுகின்ற தாயே. அவள் இக்காப்பியத்திற் போதிய இடம் பெறவில்லை. இதனைப் புலமைக் குறைவு என்னேன். தாம் நேரே பட்ட புண்ணைத் தொடக் கை கூசினார் போலும். தாம் கிறிஸ்தவரான வரலாற்றை அவர் உரைநடையிலும் எழுதியுள்ளார். கவியிற் காணாத நேர்மை, அலங்காரமற்ற அவ்வுரையிற் காணப்படுகின்றது.

பல்கலைக்கழகப் புகுமுக மாணவர் இந்நூலைக் கற்க விரும்பின் முதற் செய்யுளிலிருந்து தொடங்குதல் வேண்டா. தொடங்கினால் நகரப் படலம் கடப்பதற்குள் அயர்ந்துவிடுவர். முதலில் அவருடைய தேவாரங்களை, நம் திருமுறையை ஓதுவதுபோல வாய்விட்டு ஓதுக. பின்னர்க் குமார பருவத்திலே இயேசுவின் பாடுகளைக் கூறும் பகுதியைப் படிக்க. அதன்பின் பனியனின் கதையை ஒருமுறை வாசித்துவிட்டு ஆத்தும விசாரியோடு புறப்படுக. கவிஞர் 1900 இல் மறைந்தார். நம் நூல்நிலைய அடுக்கிலே அவர் நூல் இருக்கின்ற இடத்தில் தூசி படிந்திருக்கக் கண்டேன். அடுத்த தவணைக்குள் அத்தூசியில் விரற்குறி இரண்டொன்றாவது தோன்றுமாயின் மகிழ்வேன்.