மந்திரமும் மறமும்

திருகோணமலைக் கோணேசர் மலைப் பிளவை மக்கள் ‘இராவணன் வெட்டு’ என்பர். வரங்கள் பல பெற்றவனும் அப்பாறையை வாளாலேயே பிளந்தான் என்பது ஐதிகம். மந்திரத்தையும் மறத்தையும் இவ்வாறு ஒருங்குவைத்தல், மேசையைச் சுற்றியமர்ந்து பாத்திரமேற்றுப் பகடை உருட்டி ஆடும் விளையாட்டுகளுக்கு எளிதன்று.

1974 இல் கைகாக்சும் ஆர்னசனும் வெளியிட்ட ‘டன்ஜன்ஸ் அன்ட் டிராகன்ஸ்’ மந்திரவாதிக்குக் கவசத்தை மறுத்தது. தொடக்கத்தில் நாளொன்றுக்கு ஒரே மந்திரம். ஆயினும் படிநிலை உயர உயர மந்திரங்கள் பெருக, வீரன் அவனுக்கு ஏவலாளன் ஆயினான். இதனைத் திருத்தப் புகுந்த 2008 ஆம் ஆண்டுப் பதிப்பு இருவர்க்கும் ஒரே அமைப்பிலான ஆற்றல்களை வகுத்தது. வேறுபாடே மறைந்தது என ஆடுவோர் பலர் குறைகூறினர். அக்குறை நியாயமானதே.

நம் இதிகாசங்கள் வேறு வழி கண்டன. இந்திரன் ஈந்த சத்தி கர்ணனுக்கு ஒருமுறையே பயன்படும். அருச்சுனனுக்கெனக் காத்ததைக் கடோற்கசன்மேல் எறிய நேர்ந்தது. இந்திரசித்தின் நிகும்பலை வேள்வியோ முற்றுப்பெறுமுன் இலக்குவனாற் குலைந்தது. ஈண்டு வீரனின் வலிமை கூட்டப்படவில்லை. மந்திரத்தைத் தடுக்கும் வாய்ப்பே அவனுக்குத் தரப்பட்டது. எமது கருத்தில் உண்மையான சமநிலை இதுவே.

அவ்விளையாட்டின் பழைய விதிகளிலும் ஓதும்போது அடிபட்டால் மந்திரம் பாழாகும். 2000 ஆம் ஆண்டு வந்த மூன்றாம் பதிப்போ, அடிபட்ட பின்னரும் மனத்தை ஒருமுகப்படுத்தி ஓதி முடிக்க வழிவிட்டது. வீரன் இழந்தது அங்கேதான்.