கிழக்குக்கட்டையும் செவ்விந்தியரும்

சிம்புதேவனின் ‘இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்’ (2010) படத்தை அண்மையில் நோர்பரி வீட்டில் மகனோடு மறுபடி பார்த்தேன். வறண்ட வெளியில் ஒரு கௌபாய் ஊர். அதற்கு ஜெய்சங்கரின் பெயர். 1972இல் ‘கங்கா’, ‘ஜக்கம்மா’ படங்களில் குதிரை ஏறியவருக்கு ஒரு வணக்கம். நாசர் ஏற்ற வில்லனின் பெயர் கிழக்குக்கட்டை. நான் சிரிக்க, “ஏனப்பா சிரிக்கிறீங்கள்?” என்றான் மகன். ஈஸ்ட், வுட் என்று பிரித்துச் சொன்னதும் அவனும் சிரித்தான்.

சிம்புதேவன் ஆனந்த விகடனில் கேலிச்சித்திரம் வரைந்தவர். அந்தக் கை இங்கே தெரிகிறது. அவர் பகடி செய்வது ஹாலிவுட்டை அல்ல, அதை நாம் தமிழில் போட்டுப் பார்த்த விதத்தை.

ஆனால் செவ்விந்தியர் வரும் இடங்களில் அந்தக் கூர்மை மழுங்கிவிடுகிறது. இறகும் சாயமும் வெற்று ஓசையான பேச்சுமாக, பழைய ஹாலிவுட் காட்டியபடியே வருகிறார்கள். ஈஸ்ட்வுட்டைத் தமிழாக்கியவர் இவர்களை மட்டும் அப்படியே இறக்குமதி செய்துவிட்டார்.

முதல் தடவை பார்த்தபோது நானும் சிரித்தேன். இம்முறை மகன், “அவை என்ன பாஷை கதைக்கினம்?” என்று கேட்டான். பஸ்ஸில் நாங்கள் தமிழ் கதைக்கும்போது திரும்பிப் பார்ப்பவர்களுக்கும் அது ஓசைதானே. படத்தின் மற்றக் குறைகளைப் பொறுத்துக்கொள்ளலாம். இது உறுத்துகிறது.