உயர்தர வகுப்பின் வாயில்

ஈழத்துத் தமிழிலக்கியத்தில் கே. டானியலும் டொமினிக் ஜீவாவும் பெறும் இடம் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. சாதியொடுக்குமுறைக்கு உட்பட்ட சமூகத்திற் பிறந்து, பள்ளிக் கல்வி இடையிலே நின்றுபோக, எழுத்தால் உயர்ந்தவர்கள் இவர்கள். முன்னவரின் ‘பஞ்சமர்’ 1972இல் வெளிவந்தது. பின்னவர் 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கினார். திறமை எவ்வாறாயினும் வெளிப்பட்டே தீரும் என்பதற்கு இவ்விருவரையும் சான்றாகக் காட்டுவாருளர். இக்கூற்று ஆராயப்படவேண்டியதாகும்.

முதலாவதாக, இவர்கள் தனித்து முளைத்தவரல்லர். இடதுசாரி இயக்கமும் முற்போக்கு எழுத்தாளர் சங்கமும் இவர்களுக்கு நூலும் விவாதமும் தோழமையும் வழங்கின. பாடசாலை தராததை இயக்கம் ஓரளவு ஈடுசெய்தது. இரண்டாவதாக, இலக்கியத்துக்கு இயன்ற இவ்வழி எல்லாத் துறைகளுக்கும் இயலாது. ஆசிரியரும் ஆய்வுகூடமுமின்றி இரசாயனவியல் பயில்தல் அரிது.

ஆயின் யாழ்ப்பாணத்தில் கல்வி நீதி பற்றிய விவாதம் பெரும்பாலும் பல்கலைக்கழக வாயிலையே சுற்றிவந்துள்ளது. 1970களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்விக்குத் தமிழ்மொழி மாணவர் 400க்கு 250 புள்ளியும், சிங்களமொழி மாணவர் 229 புள்ளியும் பெறவேண்டியிருந்தமை அநீதியே. அதனை எதிர்த்தமை நியாயமே. எனினும் திறமையின் பெயரால் எழுந்த அவ்வெதிர்ப்பில், குடாநாட்டினுள்ளே எவருடைய திறமை வளர்க்கப்பட்டது என்ற வினா பின்தள்ளப்பட்டது. பின்வந்த மாவட்ட ஒதுக்கீடும் மாவட்டத்தையே அலகாகக் கொள்வது. நெடுந்தீவு மாணவிக்கும் நகரப் பெருங்கல்லூரி மாணவிக்கும் மாவட்ட வெட்டுப்புள்ளி ஒன்றே.

உண்மையில், தெரிவு அதற்கு முன்னரே நிகழ்ந்துவிடுகிறது. உயர்தர விஞ்ஞானப் பிரிவு 1ஏபி வகைப் பாடசாலைகளுக்கே உரியது. ஏனைய பாடசாலைகளிற் சாதாரண தரத்தில் சிறந்து தேறும் பிள்ளை, பதினாறு வயதளவில் வேறு பாடசாலை தேடிச் செல்லவேண்டும். தங்குமிடமும் போக்குவரத்தும் தனியார் வகுப்புக்குப் பணமும் இல்லையெனில், விரும்பாத துறையைத் தெரிவுசெய்யும். அன்றேற் படிப்பை நிறுத்திவிடும். இவ்விழப்பு எந்தப் புள்ளிப்பட்டியலிலும் பதிவாவதில்லை. 1945இல் நடைமுறைக்கு வந்த இலவசக் கல்வி கட்டணத்தை நீக்கியது, தூரத்தை நீக்கவில்லை.

எனவே, உதவி சென்றடைய வேண்டிய இடம் உயர்தர வகுப்பின் வாயிலாகும். விடுதியிடம், பயணச்செலவு, அடிப்படைக் குறைகளை நிரப்பும் முன்வகுப்பு, சாதியும் ஊரும் வினவாத வகுப்பறை ஆகியன அங்கே தேவை. இவை சலுகைகளல்ல, திறமையை அளப்பதற்கு முன் நிறைவேற்றப்படவேண்டிய நிபந்தனைகள். டானியலையும் ஜீவாவையும் போற்றும் சமூகம், அவர்களைப் போல் வெளிப்பட வழியின்றி மறைந்தவர்களையும் கணக்கிற் கொள்ளல் வேண்டும்.